வியன்னாவில் எல்லாரும் 'பாப்பா' என்றார்கள்!

"நாலு வயசுப் புள்ளைக்கு எதுக்கும்மா ஐரோப்பா? நாளைக்கு அதுக்கு ஞாபகமா இருக்கப் போகுது?"

டிக்கெட் போட்ட விஷயத்தைச் சொன்னதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நான்கு வயதில் எனக்கு நடந்தது எதுவும் எனக்கே ஞாபகமில்லை. "இல்லத்தை, எங்களுக்கு ஞாபகம் இருக்குமில்ல" என்று சொல்லிச் சமாளித்தேன்.

உண்மையான காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. மகப்பேறு விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய நாளில், காரைக்குடியிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவர் அத்தை. அன்றிலிருந்து பாப்பாவுக்கு எல்லாமே அவர்தான். சாப்பாடு, குளியல், தூக்கம், கதை எல்லாம் அப்பத்தா. கீழே விழுந்தால்கூட "அம்மா" என்று அழ மாட்டாள். "அப்பத்தா" என்றுதான் அழுவாள். அத்தையிடம் எனக்கு நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனாலும், ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும்போது, உள்ளே ஏதோ ஒன்று முள்ளாய்க் குத்தும். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணவர் வேலை மாறினார். பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் நடுவே ஒரு மாதம் கிடைத்தது. நான் சேர்த்து வைத்திருந்த விடுப்பை மொத்தமாக எடுத்தேன். ஜூனில் பாப்பாவுக்கு யு.கே.ஜி. இந்த மாதத்தை விட்டால் இனி எப்போது வருமோ! அப்படித்தான் வியன்னாவுக்குக் கிளம்பினோம்.

ஏன் வியன்னா? பெரிய நகரம், ஆனால் மலைக்க வைக்கும் நகரமில்லை. டிராம், பஸ், மெட்ரோ எதிலும் 6 வயதுக்குள்பட்ட குழந்தைக்குக் கட்டணம் கிடையாது. திரும்பிய பக்கமெல்லாம் பூங்கா. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். இதெல்லாம் என் காரணங்கள். கணவரின் காரணம் வேறு. "அங்கேருந்து பிராக், புடாபெஸ்ட், சால்ஸ்பர்க் எல்லாம் ரயில்ல போயிடலாம்" என்றார். 28 நாள்களுக்கும் எக்செல்லில் அட்டவணை தயார். மஞ்சள் கட்டம் அரண்மனை, பச்சைக் கட்டம் அருங்காட்சியகம். பாப்பாவுக்கென்று எந்தக் கட்டமும் இல்லை என்பதை அப்போது நானும் கவனிக்கவில்லை.

விடியற்காலை 3 மணிக்கு இட்லி

கோடையில் வியன்னா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நமக்குக் காலை ஆறரை என்றால் அங்கே விடியற்காலை 3. முதல் நாள் சரியாக 3 மணிக்குப் பாப்பா எழுந்து உட்கார்ந்து, "இட்லி" என்றாள். கையில் இருந்தது பிஸ்கட் மட்டும். மாலை 5 மணிக்குக் கண் சொருகிவிடும், நம் கணக்கில் அது எட்டரை ஆயிற்றே! வெளியே பார்த்தால் பட்டப்பகல். அங்கே சூரியன் மறைய இரவு 9 மணியாகிறது. பெரியவர்கள் காபி குடித்துச் சமாளிக்கலாம். குழந்தையின் உடம்புக்கு அட்டவணை தெரியுமா?

அடுத்தது படிக்கட்டு. நாங்கள் வாடகைக்கு எடுத்தது பழைய கட்டடத்தில் 'இரண்டாம் மாடி'. லிஃப்ட் இல்லை என்று போட்டிருந்தார்கள். இரண்டு மாடிதானே என்று நினைத்தோம். வியன்னாவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் தரைத்தளத்துக்கு மேலே இரண்டு தளங்களுக்குத் தனிப் பெயர் இருக்கிறது. அவற்றைத் தாண்டிய பிறகுதான் '1' என்ற எண்ணே தொடங்கும். எங்கள் இரண்டாம் மாடி, உண்மையில் நான்காம் மாடி! ஒரு கையில் தூங்கிப்போன குழந்தை, மறு கையில் பால், காய்கறி. முதல் வாரம் எனக்கு வியன்னா என்றாலே படிக்கட்டுதான்.

அரண்மனையா, கூழாங்கல்லா?

நான்காவது நாள் ஷோன்ப்ரூன் அரண்மனை. ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கோடை மாளிகை. மொத்தம் 1,441 அறைகள். பார்வையாளர்களுக்கு அதில் சுமார் 40. மரியா தெரசா என்ற மகாராணி, 16 பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே ராஜ்யத்தையும் ஆண்ட இடம். எனக்கு ஆசை ஆசையாக இருந்தது. நேரம் குறித்த டிக்கெட் வாங்கி உள்ளே போனோம்.

மூன்றாவது அறையில் பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாவது அறையில் அழுகை. தங்க முலாம், கண்ணாடிச் சரவிளக்கு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. எதையும் தொடக் கூடாது, ஓடக் கூடாது, கத்தக் கூடாது. நாலு வயசுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தோம்.

தோட்டத்துப் பாதையில் பொடிக்கல் பரப்பியிருந்தார்கள். அழுகை சட்டென்று நின்றது. உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். வெள்ளைக் கல் தனி, சாம்பல் கல் தனி. ஒரு மணி நேரம் நகரவே இல்லை. தோட்டத்துக்குள் வரக் கட்டணமே கிடையாது என்பதைக் கணவர் அப்போதுதான் போனில் படித்தார்.

"இவ்வளவு செலவு பண்ணி வந்து ஜல்லி பொறுக்கவா? நம்ம ஊர்ல இல்லாத கல்லா?"

"அவளையா கேக்குறீங்க, என்னையா?"

அன்றிரவு எங்களுக்குள் பேச்சு முற்றியது. "உனக்கு ஓய்வுதான் வேணும்னா ஊட்டிக்கே போயிருக்கலாமே" என்றார் அவர். "உங்க எக்செல்லுக்குக் குழந்தை பெத்துக்கல" என்றேன் நான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே என்று இருவரும் குசுகுசுவென்று சண்டை போட்டது, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

மறுநாள் காலையில் அவரே மடிக்கணினியைத் திறந்து பிராக்கையும் புடாபெஸ்ட்டையும் அழித்தார். சால்ஸ்பர்க் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. "போகட்டும் விடு" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் விடுமுறை ஆரம்பமானது.

46-ம் எண் டிராம்

எங்கள் தெருமுனையில் 46-ம் எண் டிராம் நிற்கும். ஒரு பக்கம் ஏறினால் அருங்காட்சியகங்கள் இருக்கும் நகர மையம். மறுபக்கம் ஏறினால் ப்ரூனன்மார்க்ட் என்ற தெருச் சந்தை. துருக்கிக் கடைக்காரர்கள் கூவிக் கூவி விற்பார்கள். கத்திரிக்காய், பச்சை மிளகாய், கட்டுக் கட்டாய் கொத்தமல்லி, பருப்பு, கெட்டித் தயிர் எல்லாம் கிடைத்தன. தயிர்சாதம் வந்துவிட்டால் நம் வீட்டுக் குழந்தைக்கு ஊர் வந்த மாதிரி! அந்த ஊரிலும் ரவையைப் பாலில் வேகவைத்துச் சர்க்கரை போட்டுத்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பாப்பா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

காலை முழுக்கப் பக்கத்துப் பூங்காவின் மணல்தொட்டி. மதியம் வீட்டில் சாப்பாடு, குட்டித் தூக்கம். மாலையில் டிராம் எங்கே போகிறதோ அங்கே. ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் தோன்றினால் மட்டும்.

நகரமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர், குழாய் வழியாகச் சரிவிலேயே பாய்ந்து நகரத்துக்கு வருகிறது. முதல் குழாய்த் தடம் 1873-ல் திறந்தது, இரண்டாவது 1910-ல். காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கியே பழகிய சென்னைக் குழந்தைக்குத் தெருக்குழாயில் வாய் வைத்துக் குடிப்பதுதான் உலக அதிசயம். வழியில் எந்தக் குழாயைப் பார்த்தாலும் நின்று ஒரு வாய் குடித்தே ஆகவேண்டும்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. வியன்னாவில் பேச்சுவழக்கில் 'போய்ட்டு வர்றேன்' என்பதற்கு 'பாபா' என்பார்கள், குறிப்பாகக் குழந்தைகளிடம். ரொட்டிக் கடைப் பெண், மணல்தொட்டிக்கு வரும் ஒரு தாத்தா, டிராமில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என எல்லாரும் இறங்கும்போது கையை அசைத்து 'பாபா' என்றார்கள். பாப்பாவுக்கோ ஒரே ஆச்சரியம். "அம்மா, இவங்களுக்கெல்லாம் என் பேரு எப்படித் தெரியும்?"

நான் திருத்தவில்லை. ஓர் ஊர் முழுக்கத் தன்னைத் தெரியும் என்று ஒரு குழந்தை நம்பினால், நம்பிவிட்டுப் போகட்டுமே!

ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

மூன்றாவது ஞாயிறு. மாலையில் பாப்பாவுக்கு உடம்பு கொதித்தது. வெப்பமானியில் 102. ஊரிலிருந்து கொண்டுபோன காய்ச்சல் மருந்து, பாட்டில் மூடி சரியாக மூடாமல் பைக்குள் கொட்டிப்போயிருந்தது. என் தப்புதான்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பாராசிட்டமால்கூட சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. 'அபோதேக்கே' என்கிற மருந்துக்கடையில் மட்டும்தான். அதுவும் பூட்டு. ஆனால், பூட்டிய கடைக் கதவிலேயே அன்றைக்கு முறைப்படி திறந்திருக்கும் பக்கத்துக் கடையின் முகவரி போட்டிருந்தது. கணவர் ஓடினார். இரவு நேரம் என்பதால் கொஞ்சம் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு சின்ன ஜன்னல் வழியாக மருந்து கொடுத்தார்கள். 1450 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனைக்கும் பேசினோம். பொறுமையாகக் கேட்டு, எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள்.

மருந்து கொடுத்தாயிற்று. ஆனால் தூக்கம் வரவில்லை. பாப்பா என் மடியில் முறுக்கிக்கொண்டு, "அப்பத்தா வேணும்... அப்பத்தா..." என்று விம்மினாள். நான் பாடினேன், தட்டினேன், தூக்கிக்கொண்டு நடந்தேன். "நீ வேணாம்" என்று என் கையைத் தள்ளிவிட்டாள்.

மணி இரவு பத்து. ஊரில் ஒன்றரை. வேறு வழியில்லாமல் அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார் அத்தை.

விஷயத்தைக் கேட்டவர் பதறவில்லை. "பாட்டெல்லாம் வேண்டாம்மா. ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டு, காது மடலைப் பிடிச்சு லேசா நீவிவிடு. அதுபாட்டுக்கு ஏதாச்சும் சொல்லும். நீ 'ம்' மட்டும் கொட்டு."

காது மடல். நான்கு வருடமாக என் குழந்தை அப்படித்தான் தூங்குகிறாள். எனக்குத் தெரியாது.

நீவினேன். பத்து நிமிடம். "அம்மா, அந்தக் கல்லு..." என்றாள். "ம்" என்றேன். "வெள்ளைக் கல்லு..." "ம்." மூச்சு சீராகியது. இருட்டில் நான் அழுதேன். வருத்தமா, நிம்மதியா, இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது.

படத்துக்குள் அஞ்சாங்கல்

கடைசி வாரம் ஒரு மழை நாளில், கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். 19 வயதுக்குள்பட்டவர்களுக்கு இலவசம். 'அரை மணி நேரம், அழுதால் உடனே வெளியே' என்பது ஒப்பந்தம்.

அங்கே பீட்டர் ப்ரூகல் என்ற ஓவியர் 1560-ல் வரைந்த 'குழந்தை விளையாட்டுகள்' படம் இருக்கிறது. ஒரு ஊர்ச் சதுக்கம். 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், 80-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள். பாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க பாரு, பச்சைக் குதிரை!" என்றாள். ஆமாம், ஒருவர் குனிய ஒருவர் தாண்டுகிறார். "இது சக்கரம்!" நாம் டயர் ஓட்டுவதுபோல இரண்டு பேர் வளையம் உருட்டுகிறார்கள். பம்பரம் இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவது இருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்து, சாட்சாத் நம் அஞ்சாங்கல்லை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்துக்கு ஒரு நாளில் நான்கு கட்டம் ஒதுக்கிய என் கணவர், மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரே படத்தின் முன் 40 நிமிடம் நின்றார். "காரைக்குடில நாங்க இதெல்லாம் விளையாடுவோம்டா" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் 'ம்' கொட்டினாள். அந்த அருங்காட்சியகத்தில் வேறு எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

நீங்கள் கிளம்புவதாக இருந்தால்...

* ஒரே ஊர், ஒரே வீடு. பெட்டியை ஒருமுறை பிரித்தால், கிளம்பும் நாள்வரை கட்டக் கூடாது.

* முதல் ஐந்து நாள்களுக்கு நேரம் குறித்த டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். மாலை வெளிச்சத்தில் குழந்தையைப் பூங்காவில் விளையாட விடுங்கள். படுக்கையறையில் கனத்த திரை இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

* வீடு எடுக்கும்போது 'எத்தனையாவது மாடி' என்று கேட்காமல், 'எத்தனை படி ஏற வேண்டும்' என்று கேளுங்கள். லிஃப்ட், துணி துவைக்கும் இயந்திரம், நடக்கும் தூரத்தில் பூங்கா - இந்த மூன்றும் நகர மையத்தைவிட முக்கியம்.

* ஷெங்கன் விசாவில் 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரைதான் தங்கலாம். 6 வயதுக்குள்பட்ட குழந்தைக்கு விசாக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பம் தனியாக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால், மற்றவரின் சம்மதக் கடிதம் தேவை.

* குழந்தையின் மருந்துகளை இரண்டு பாட்டில்களாக, இரண்டு பைகளில் வையுங்கள். குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்தின் மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும். ஐரோப்பா முழுக்க அவசர எண் 112. ஆஸ்திரியாவில் ஆம்புலன்ஸுக்கு 144.

* ஆஸ்திரியாவில் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் கடைகள் மூடிவிடும். ஞாயிறுக்கான பாலும் ரொட்டியும் அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

* கடைசியாக, யார் குழந்தையைத் தூங்க வைக்கிறார்களோ, அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதை எந்தப் பயணக் கையேட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்பத்தா கேட்ட கணக்கு

வீடு வந்து சேர்ந்ததும் பாப்பா ஓடிப்போய் அப்பத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என்னென்ன பார்த்தே, சொல்லு" என்றார் அத்தை.

"தெருவுல தண்ணி வரும், நாமளே குடிக்கலாம். டிராம் மணி அடிக்கும். அப்புறம் அப்பத்தா, அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். எல்லாரும் 'பாப்பா'ன்னு சொன்னாங்க."

"அரண்மனை பார்க்கலியா?"

"பார்த்தேனே! கல்லு நெறைய இருந்துச்சு."

சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து அப்பத்தா கையில் வைத்தாள். ஒரு மாதச் செலவுக்குக் கணக்கு கேட்டால், எங்களிடம் காட்ட இருப்பது அந்த ஒரு கல்தான். அத்தை அதைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

அன்றிரவு வழக்கம்போல அப்பத்தா பக்கத்தில்தான் படுத்தாள். எனக்கு வருத்தமில்லை, அது அவளுடைய இடம். ஆனால், 12 மணிக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வியன்னாவில் அப்போது எட்டரைதான். இருட்டில் தடவித் தடவி எங்கள் அறைக்கு வந்தாள். ஒன்றும் பேசவில்லை. என் பக்கத்தில் ஏறிப் படுத்து, என் கையை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வியன்னா ஞாபகம் இருக்குமா என்று தெரியாது. என் விரலுக்கு இருக்கும்.